மூட்டு மாறிய பின்னும் மாறாத அச்சம்

சென்ற ஆண்டு ஜூலை மாதம், மும்பை மாட்டுங்காவில் உள்ள எங்கள் வீட்டுக் குளியலறையில் என் தாயார் வழுக்கி விழுந்தார். அவருக்கு வயது 71. தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்திருந்தது. இரண்டு நாட்களில் இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடைபெற்றது. மறுநாளே வாக்கரைப் பிடித்து எழுந்து நிற்க வைத்தார்கள். ஆறாம் நாள் வீடு திரும்பினோம். ஆறு வாரங்கள் கழித்து எடுக்கப்பட்ட எக்ஸ்ரே படத்தைப் பார்த்த அறுவை மருத்துவர், "மூட்டு மிக நன்றாகப் பொருந்தியிருக்கிறது. இனித் தாராளமாக நடக்கலாம்" என்றார்.

அம்மா நடக்கவில்லை.

கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து கழிவறை, மீண்டும் கட்டில். அவருடைய உலகம் அவ்வளவாகச் சுருங்கிவிட்டது. அந்தச் சில அடிகளுக்கும் ஒருவர் கையைப் பற்றிக்கொள்ள வேண்டும். குளியலறை வாசலில் நின்றாலே அவருடைய உள்ளங்கை வியர்த்தது. அறையிலேயே ஈரத்துணியால் உடலைத் துடைத்துக்கொண்டார். "இன்னும் வலிக்கிறதா?" என்று கேட்டால், "வலி அவ்வளவாக இல்லை. ஆனால் உள்ளே பந்து நழுவிவிடுமோ என்று இருக்கிறது" என்பார். வயதானவர்களுக்கு இது இயல்புதானே, நாளடைவில் சரியாகிவிடும் என்று நாங்களும் காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பு எவ்வளவு பெரிய பிழை என்பது பின்னர்தான் விளங்கியது.

அச்சத்துக்கும் ஒரு பெயர் உண்டு

அம்மாவுக்கு இருந்த நிலைக்கு மருத்துவத்தில் 'கினீசியோஃபோபியா' என்று பெயர். கிரேக்க மொழியில் 'கினேசிஸ்' என்றால் அசைவு, 'ஃபோபோஸ்' என்றால் அச்சம். தமிழில் அசைவச்சம் எனலாம். அசைந்தால் மீண்டும் காயம் ஏற்பட்டுவிடும் என்ற அளவுக்கு மீறிய அச்சமே இது. 1990ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் இப்பெயரை வழங்கினர். அதை அளப்பதற்கு அடுத்த ஆண்டே ஒரு வினாப்பட்டியலையும் உருவாக்கினர். ஃபுளோரிடா மாநிலத்தின் டாம்பா நகரின் பெயரால் அது டாம்பா அளவுகோல் எனப்படுகிறது. அதில் 17 கூற்றுகள் உள்ளன. 'உடற்பயிற்சி செய்தால் எனக்குக் காயம் ஏற்பட்டுவிடும் என அஞ்சுகிறேன்' என்பது போன்ற ஒவ்வொரு கூற்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண் இட வேண்டும். ஆகக் குறைந்த கூட்டுத்தொகை 17, ஆகக் கூடியது 68. 37ஐத் தாண்டினால் அச்சம் மிகுதி என்று பொதுவாகக் கொள்கிறார்கள்.

இந்த அச்சம் கோழைத்தனமும் அன்று, பிடிவாதமும் அன்று. முறிந்த அந்த நொடியின் வலியை உடல் மறப்பதில்லை. மீண்டும் அந்த வலி வராமல் காப்பதற்காகவே மனம் அசைவைத் தடுக்கிறது. முறிவு ஏற்பட்ட முதல் சில நாட்களுக்கு அது பயனுள்ள காவல். எலும்பும் தசையும் தேறிய பிறகும் காவல் விலக மறுக்கும்போதுதான் அது நோயாகிறது.

செயற்கை மூட்டைப் பற்றிச் சில உண்மைகளை அறிந்துகொண்டால் அச்சத்தின் அளவு உண்மைக்கு எவ்வளவு பொருந்தவில்லை என்பது புரியும். இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் உள்ள ரைட்டிங்டன் மருத்துவமனையில், ஜான் சார்ன்லி என்னும் அறுவை மருத்துவர் நவீன இடுப்பு மூட்டு மாற்றுக்கு அடித்தளம் அமைத்தார். அவர் முதலில் கிண்ணத்துக்கு டெஃப்லான் பொருளைப் பயன்படுத்தினார். அது விரைவில் தேய்ந்துபோனது. 1962 நவம்பரில் உறுதி மிகுந்த பாலிஎத்திலீன் கிண்ணத்தைப் பொருத்தத் தொடங்கினார். அந்த அடிப்படை அமைப்பே திருத்தங்களுடன் இன்றளவும் தொடர்கிறது. 2007இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான கட்டுரை, இதனை நூற்றாண்டின் அறுவை சிகிச்சை என்று வருணித்தது. உடல் எடையைத் தாங்கி நடப்பதற்காகவே செய்யப்பட்ட உறுப்பு இது. படுத்திருப்பதற்கு எவருக்கும் இம்மூட்டு தேவையில்லை.

அச்சம் சுழலாக மாறும் விதம்

வலியை ஆராய்ந்த உளவியலாளர்கள் 'அச்சமும் தவிர்த்தலும்' என்ற விளக்கத்தை முன்வைத்தனர். 1983இல் பிரிட்டனில் முளைவிட்ட இக்கருத்தை நெதர்லாந்தின் யோஹான் ஃப்ளாயன், சுவீடனின் ஸ்டீவன் லின்டன் ஆகியோர் 2000ஆம் ஆண்டில் விரிவாக வகுத்தனர். அதன் சாரம் எளியது.

காயத்துக்குப் பின் ஒருவருக்கு வலி தோன்றுகிறது. 'ஏதோ விபரீதம் நடக்கிறது' என்று அவர் அந்த வலிக்குப் பொருள் கொள்கிறார். அந்த எண்ணம் அச்சத்தை எழுப்புகிறது. அச்சத்தால் அசைவைத் தவிர்க்கிறார். அசையாத தசைகள் மெலிகின்றன, மூட்டு இறுகுகிறது, மனம் சோர்கிறது. மெலிந்த தசையோடு எப்போதாவது எழுந்து நின்றால் கால் நடுங்குகிறது, வலி முன்னிலும் கூடுகிறது. 'நான் அஞ்சியது சரிதான்' என்று முடிவு கட்டுகிறார். சுழல் மறுபடி தொடங்குகிறது. முதியவர்களுக்கு இச்சுழலின் விலை மிக அதிகம். படுக்கையில் கிடக்கும் ஒவ்வொரு வாரமும் தசை வலுவைத் தின்கிறது. கால் சிரைகளில் இரத்தம் உறையும் ஆபத்து கூடுகிறது. விழக்கூடாது என்பதற்காகப் படுத்திருப்பவரே, வலுவிழந்த காரணத்தால் எளிதில் விழக்கூடியவராகிறார்.

தவிர்ப்பவருக்கு இன்னோர் இழப்பும் உண்டு. 'எழுந்தால் பந்து நழுவிவிடும்' என்று நம்புபவர் எழாமலே இருந்துவிட்டால், அது நழுவாது என்பதை அறியும் வாய்ப்பே அவருக்குக் கிடைப்பதில்லை. ஆகவே அறிவுரையால் மட்டும் இந்த அச்சம் தீராது. அனுபவத்தால்தான் தீர வேண்டும்.

சிகிச்சை எவ்வாறு நடைபெறுகிறது?

எங்கள் இயன்முறை மருத்துவர்தான் முதலில் உண்மையைச் சொன்னார். "உங்கள் தாயாரின் கால் தயாராக இருக்கிறது. மனம் தயாராக இல்லை. ஓர் உளவியலாளரைப் பாருங்கள்." எனக்குத் தயக்கமாகவே இருந்தது. "எனக்கு என்ன பைத்தியமா பிடித்திருக்கிறது?" என்று அம்மா கோபித்துக்கொண்டார். எனினும் தமிழ் பேசும் மருத்துவ உளவியலாளர் ஒருவர் கிடைத்தது நல்வாய்ப்பு. வாரம் ஒரு முறை, முக்கால் மணி நேரம், பத்து அமர்வுகள் என்று திட்டமிட்டார். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்னும் முறை அது. அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960களில் வகுத்த வழிமுறையை அடிப்படையாகக் கொண்டது.

முதல் படி, அறிந்துகொள்ளுதல். எக்ஸ்ரே படத்தை விளக்கில் காட்டி, தண்டு எங்கே எலும்புக்குள் இறங்கியிருக்கிறது, பந்து எங்கே கிண்ணத்துக்குள் அமர்ந்திருக்கிறது என்பதை அம்மாவுக்கே விளக்கினார். வலி வேறு, சேதம் வேறு என்பதையும் பொறுமையாகப் புரியவைத்தார். நெடுநாள் உழைக்காத தசை மீண்டும் உழைக்கும்போது வலிக்கத்தான் செய்யும். அந்த வலி மூட்டு கெடுவதன் அறிகுறி அன்று.

இரண்டாவது, எண்ணத்தைச் சோதித்தல். அம்மாவின் வீட்டுக் கணக்கு நோட்டிலேயே இரண்டு பத்திகள் வரையச் சொன்னார். இடப்புறம் 'எதிர்பார்த்தது', வலப்புறம் 'நடந்தது'. ஒரு செயலைச் செய்வதற்கு முன்பு என்ன நேரும் என அஞ்சுகிறாரோ அதை இடப்புறம் எழுத வேண்டும். செய்து முடித்த பின் உண்மையில் என்ன நேர்ந்தது என்பதை வலப்புறம் எழுத வேண்டும். முதல் நாள் பதிவு எனக்கு நினைவிருக்கிறது. 'தனியாக எழுந்தால் கால் மடங்கி விழுவேன்' என்பது எதிர்பார்ப்பு. 'கால் நடுங்கிற்று, விழவில்லை' என்பது நடப்பு. மதிப்பீட்டையும் நடப்புக் கணக்கையும் அருகருகே வைத்து ஒப்பிடுவது எங்கள் தொழிலில் அன்றாட வேலை. அம்மாவின் நோட்டில் அந்த இரண்டு பத்திகளும் எப்போதும் ஒத்துப்போகவே இல்லை. பக்கங்கள் நிரம்ப நிரம்ப, எது தவறான மதிப்பீடு என்பதை அவரே உணரத் தொடங்கினார்.

மூன்றாவது, படிப்படியான எதிர்கொள்ளல். சிகிச்சையின் உயிர்நாடி இதுவே. அம்மா அஞ்சும் செயல்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை அச்ச மதிப்பெண் இடச் செய்தார். கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு அமர்வதற்கு 2. துணையின்றிக் கழிவறை வரை செல்வதற்கு 4. அடுப்படியில் நின்று காபி போடுவதற்கு 5. மாடிப்படி இறங்குவதற்கு 7. விழுந்த அதே குளியலறையில் குளிப்பதற்கு 8. சாலையைக் கடந்து வங்கிக்குச் சென்று வருவதற்கு 9. அடிப்படியிலிருந்து தொடங்கி, ஒரு செயலின் மதிப்பெண் பாதியாகக் குறையும் வரை அதையே திரும்பத் திரும்பச் செய்து, அதன் பின்பே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும்.

நான்காவது, அளவை வலியிடம் ஒப்படைக்காமல் கடிகாரத்திடம் ஒப்படைத்தல். 'வலிக்கும் வரை நடப்பேன்' என்றால் நாள்தோறும் வலியையே எதிர்நோக்கி நடக்க நேரும். உற்சாகமான நாளில் மிகையாக நடந்து, மறுநாள் படுத்துவிடவும் நேரும். அதற்கு மாறாக, 'இந்த வாரம் காலையும் மாலையும் ஐந்து நிமிடம், அடுத்த வாரம் ஏழு நிமிடம்' என்று முன்கூட்டியே வரையறுக்க வேண்டும். நல்ல நாளிலும் அதற்கு மேல் இல்லை, சோர்ந்த நாளிலும் அதற்குக் கீழ் இல்லை.

இயன்முறை மருத்துவரும் உளவியலாளரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டது பெரும் உதவியாக இருந்தது. படியேறும்போது நல்ல காலை முதலில் வைப்பது, இறங்கும்போது அறுவை செய்த காலை முதலில் வைப்பது என்ற விதியை ஒருவர் கற்பித்தார். அந்த விதியை நம்பி முதல் அடி வைக்கும் துணிவை மற்றவர் வளர்த்தார். 2013இல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வும் இத்தகைய அணுகுமுறைக்கு ஆதரவாக உள்ளது. முழங்கால் மூட்டு மாற்றம் செய்துகொண்டவர்களுக்கு, அசைவச்சத்தைக் கையாளும் வகையில் அமைந்த வீட்டுப் பயிற்சிகள் அளிக்கப்பட்டபோது, அவர்களது இயலாமை குறைந்து வாழ்க்கைத் தரம் மேம்பட்டது என்பதே அதன் முடிவு.

அன்பும் ஒரு தடையாகலாம்

மூன்றாம் அமர்வில் உளவியலாளர் என்னையும் என் மனைவியையும் அழைத்தார். "அம்மா எழும்போது நீங்கள் என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டார். "பார்த்து, மெதுவாக, விழுந்துவிடப் போகிறீர்கள் என்போம்" என்றோம். "ஒரு நாளைக்கு எத்தனை முறை?" என்றார். எங்களால் எண்ணிச் சொல்ல இயலவில்லை.

அப்போதுதான் உறைத்தது. அம்மாவின் அச்சத்துக்கு நாள்தோறும் தீனி போட்டவர்கள் நாங்களே. தண்ணீர்க் குவளையைக் கையில் கொடுத்தோம். தரையில் விழுந்த மூக்குக் கண்ணாடியை எடுத்துத் தந்தோம். அவர் வாக்கரைத் தொடும் முன்பே ஓடிச்சென்று தோளைப் பிடித்தோம். அன்பின் பெயரால் செய்த ஒவ்வொரு உதவியும், 'உங்களால் இயலாது' என்ற செய்தியை அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

உளவியலாளர் எங்களுக்கும் பாடம் வைத்தார். அம்மா கேட்டாலன்றி உதவக்கூடாது. அவர் எழும்போது இரண்டடி தள்ளி நிற்க வேண்டும். 'பார்த்து' என்பதற்குப் பதிலாக, 'நேற்றைவிட இன்று நிமிர்ந்து நிற்கிறீர்கள்' என்பது போல உண்மையாகக் கண்டதைச் சொல்ல வேண்டும். அதே வேளையில் உண்மையான ஆபத்துகளை அகற்றிவிட வேண்டும். குளியலறைச் சுவரில் கைப்பிடிக் கம்பிகள் பொருத்தினோம். வழுக்காத ரப்பர் விரிப்புப் போட்டோம். கழிவறை இருக்கையை உயர்த்தினோம். இரவில் எரியும் சிறு விளக்கு வைத்தோம். இவற்றுக்கு ஆன செலவு, அறுவை சிகிச்சைக்கு ஆன செலவில் மிகச் சிறு பங்குதான்.

எச்சரிக்கை எங்கே முடிகிறது, அச்சம் எங்கே தொடங்குகிறது?

அஞ்சுவது எல்லாம் தவறு என்று பொருள் கொள்ளக்கூடாது. பின்புறமாகத் திறந்து அறுவை செய்யப்பட்டவர்களுக்குத் தொடக்கக் காலத்தில் மூட்டு விலகும் வாய்ப்பு சிறிதளவு உண்டு. ஆகவே இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக்கூடாது, கால் மேல் கால் போடக்கூடாது, அறுவை செய்த காலை உட்புறமாகத் திருப்பக்கூடாது என்று அறிவுறுத்துவார்கள். தரையில் சம்மணமிடுவதும் குந்தி உட்காருவதும் நம் வாழ்வோடு கலந்தவை. அவற்றை எப்போது, எந்த அளவில் செய்யலாம் என்பதை அறுவை மருத்துவரிடம் தெளிவாகக் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நலம். தடை செய்யப்பட்ட அசைவுகளின் பட்டியல் மிகச் சிறியது. அனுமதிக்கப்பட்டவற்றின் பட்டியலோ நீண்டது. இரண்டையும் அருகருகே எழுதிச் சுவரில் ஒட்டியதே அம்மாவுக்குப் பாதி ஆறுதலைத் தந்தது.

திடீரெனக் கடும் வலி ஏற்பட்டுக் காலை ஊன்ற முடியாமற்போவது, ஒரு கால் குட்டையாகவோ ஒருபுறம் திரும்பியோ தோன்றுவது, காய்ச்சல், புண்ணிலிருந்து நீர் கசிவது, கெண்டைக்கால் வீங்கி வலிப்பது, மூச்சுத்திணறல் ஆகியவற்றை அச்சம் என்று ஒதுக்கக்கூடாது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

உதவியும் செலவும்

மருத்துவ உளவியலாளரைத் தேர்ந்தெடுக்கும்போது, அவர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றவரா என்று கேட்டறியலாம். பெரிய மருத்துவமனைகளின் வலி நிவாரணப் பிரிவுகளிலும் மனநலப் பிரிவுகளிலும் இச்சேவை கிடைக்கக்கூடும். மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட இச்சேவையில் தமிழிலும் பேசலாம்.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, உடல் நோய்க்கு வழங்கப்படும் அதே அடிப்படையில் மனநோய் சிகிச்சைக்கும் காப்பீடு வழங்க வேண்டும் என்று காப்பீட்டு நிறுவனங்களைப் பணிக்கிறது. எனினும் புறநோயாளியாகப் பெறும் ஆலோசனைக்கான கட்டணத்தைப் பல பாலிசிகள் ஏற்பதில்லை. மருத்துவமனையிலிருந்து திரும்பிய பிறகு எத்தனை நாட்கள் வரையிலான செலவு ஏற்கப்படும் என்பதும் பாலிசிக்குப் பாலிசி மாறும். எனவே அறுவைக்கு முன்பே பாலிசி ஆவணத்தில் இவ்விரு பகுதிகளையும் படித்துவிடுவது நன்று. 70 வயது நிறைந்த அனைவருக்கும், வருமான வரம்பின்றி, ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் கீழ் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலான மருத்துவமனைச் சிகிச்சைப் பாதுகாப்பு 2024 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ளது.

நவம்பர் மாதத்து நடை

அம்மா குடும்ப ஓய்வூதியம் பெறுபவர். ஆண்டுதோறும் நவம்பரில் வாழ்நாள் சான்றிதழ் அளிக்க வேண்டும். 70 வயதைக் கடந்தவர்களுக்கும் நடமாட இயலாதவர்களுக்கும் வீடு தேடிச் சென்று சேவை அளிக்குமாறு ரிசர்வ் வங்கி 2017இல் வங்கிகளை அறிவுறுத்தியது. ஜீவன் பிரமாண் வழியாக வீட்டிலிருந்தபடியே கைப்பேசியில் சான்றளிக்கவும் வசதி உண்டு. அக்டோபர் இறுதியில் நான் அதற்கு ஆயத்தமானபோது உளவியலாளர் தடுத்தார். "ஏணியின் கடைசிப் படியை நீங்களே எடுத்துவிடாதீர்கள்" என்றார். வாடிக்கையாளருக்கு வீட்டு வாசல் சேவையைப் பரிந்துரைப்பது என் அன்றாடப் பணி. உண்மையில் இயலாதவர்களுக்கு அது பெரும் வரம். ஆனால் என் தாயாருக்கு அந்த மாதத்தில் தேவைப்பட்டது வங்கிக்குச் செல்லும் வழிதான்.

அதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் அவர் மாடிப்படி இறங்கி, தெருமுனைப் பூக்கடை வரை ஐந்து முறை சென்று வந்திருந்தார். குளியலறையிலும் தனியாகக் குளிக்கத் தொடங்கியிருந்தார். முதல் நாள் நாங்கள் இருவரும் கதவுக்கு வெளியே மூச்சை அடக்கிக்கொண்டு நின்றதை அவர் அறியமாட்டார்.

நவம்பர் இரண்டாம் வாரம், ஒரு காலை வேளையில், ஊன்றுகோலுடன் புறப்பட்டார். நான் இரண்டடி பின்னால் நடந்தேன். அரை கிலோமீட்டர் தொலைவுக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. வழியில் இருமுறை நின்றார். சாலையைக் கடக்கும்போது என் கையைத் தேடினார். பிறகு அவரே விட்டுவிட்டார். கிளையில் ஓய்வூதியர்களின் கூட்டம். வரிசையில் நின்று, சான்றிதழில் கையொப்பமிட்டு, பாஸ்புக்கிலும் பதிவு செய்துகொண்டு வீடு திரும்பினார்.

அன்று மாலை நோட்டை எடுத்து எழுதினார். இடப்புறம் முன்பே எழுதி வைத்திருந்தது: 'கூட்டத்தில் யாராவது இடித்தால் விழுந்துவிடுவேன்.' வலப்புறம் எழுதியது: 'ஒருவர் எழுந்து எனக்கு நாற்காலி கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லி நின்றுகொண்டேன்.'